தகரம் தட்டாத தோட்டம்

செத்த குட்டி பாதையின் நடுவில் கிடந்தது.

அது செத்தது ரஜாபுவுக்குப் புதுசு இல்லை. மூன்று வாரமாகத் தாய்ச் சிம்பன்ஸி ஸினா அதைச் சுமந்துகொண்டுதான் காடெல்லாம் அலைந்தாள். அதன் ஒரு கையைப் பிடித்து முதுகில் தொங்கவிட்டுக்கொள்வாள், இல்லாவிட்டால் தொடை இடுக்கில் செருகிக்கொள்வாள். மயிர் கொட்டி, உடம்பு கருவாடாய் விறைத்து, முகம் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாத பிறகும், மரத்தில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக ஓர் இலைக்கொத்தை ஒடித்து மடியில் கிடப்பதன் மேல் ஈ ஓட்டுவாள். மற்ற சிம்பன்ஸிகள் கிட்டே வந்தால் பல்லைக் காட்டுவாள். அப்படிப்பட்டவள் இன்றைக்கு அதைத் தரையில், போகிற வழியில், பழத்தோலைப் போடுவதுபோல் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். அதுதான் அவனுக்குச் சரியாகப் படவில்லை.

சிம்பன்ஸி பார்க்க வந்த விருந்தாளிகள் இருவரும் பின்னால் வளைவில் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்கள். அவர்கள் பார்ப்பதற்குள் ரஜாபு வெட்டுக்கத்தியின் முதுகால் குட்டியைப் பெரணிச் செடிகளுக்குள் தள்ளி, மேலே இரண்டு கை சருகை அள்ளிப் போட்டான். ஈக்கள் கலைந்து எழும்பி, மறுபடி அதே இடத்தில் இறங்கின. முன்னால் தடம் பார்த்துப் போயிருந்த மோஷி திரும்பி வந்து எட்டிப் பார்த்தார். மோஷிக்கு ரஜாபுவைவிட வயதும் அதிகம், வாயும் அதிகம்.

"கீழ வெச்சுட்டாளா?"

"மனசு ஆறியிருக்கும், அண்ணே."

"நேத்து சாயங்காலம் சொந்த அக்கா தொட்டுப் பாக்க வந்ததுக்கே கடிக்கப் பாய்ஞ்சா. ஒரே ராத்திரியில ஆறிடுச்சாக்கும்." மோஷி மூக்கைப் பொத்திக்கொண்டார். "சரி, குரங்கு வாத்தியார் சொன்னா அப்படித்தான் இருக்கும்."

விருந்தாளி அம்மாள் கிர்ஸ்டன் வந்து சேர்ந்து, முகக்கவசத்துக்குள்ளிருந்து என்ன நாற்றம் என்று கேட்டாள். காட்டுப்பன்றி ஏதாவது செத்திருக்கும் மேடம் என்றான் ரஜாபு. பொய் சொல்வது அவனுக்குக் கஷ்டமாக இல்லை. ஒரு மாதமாகவே அதில் நல்ல பழக்கம்.

அவர்கள் மேலே நடந்தார்கள். வழக்கமாகக் காலையிலேயே சிம்பன்ஸிகளைக் காட்டிவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரைக் கேம்ப்புக்கு இறங்கிவிடுவார்கள். இன்று காலை கூட்டம் சத்தமே கொடுக்கவில்லை. ராத்திரி தூங்க மரங்களில் கட்டிய கூடுகளை விடியும் முன்பே காலிசெய்துவிட்டு எங்கேயோ போயிருந்தன. கூடுகளுக்கு அடியில் மோஷி பார்த்த தடங்கள் மலைமேல் ஏறாமல் கீழே, ஓடையைத் தாண்டித் தோட்டங்களின் பக்கம் இறங்கியிருந்தன. மாம்பழம் தின்னப் போயிருக்கும் என்று மோஷி சொன்னார். இப்போது திரும்பி ஏறியிருக்கின்றன. பிற்பகல் வெயில் உச்சிக்கிளைகளோடு நின்றுவிட்டது. அடியில் ஈரமான மர வாசனை, அழுகின அத்திப்பழத்தின் புளிப்பு, சட்டையோடு ஒட்டிக்கொண்டு கூடவே வருகிற அந்தப் பிண நாற்றம்.

ஓடைக்கு அப்பால் இருக்கும் தோட்டங்களில் கடைசித் தோட்டம் ரஜாபுவுடையது. காட்டை ஒட்டி, ஒரு மாமரமும் நாலைந்து எண்ணெய்ப் பனையும் கொஞ்சம் மரவள்ளியும். அங்கே இந்நேரம் அவன் மனைவி ஹவா களை எடுத்துக்கொண்டிருப்பாள். கைக்குழந்தை ஸைதூனி எப்போதும் அவள் முதுகில் துணிக்குள் இருப்பாள். ஆனால் குழந்தைக்கு இருமல். முதுகில் கட்டினால் மூச்சு முட்டி அழுகிறது என்று இரண்டு நாளாய் மாமரத்து நிழலில் துணி விரித்துக் கிடத்துகிறாள். இதை ரஜாபு நினைத்தான். நினைத்ததும் தள்ளி வைத்தான்.

நேற்று ராத்திரி முழுக்க அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். மூன்று சின்ன இருமல், அதன் பிறகு ஓர் இழுப்பு. பூனைக்குட்டி தும்முவதுபோல மூன்று, அப்புறம் துருப்பிடித்த கீல்போல ஒன்று. கிர்ஸ்டன் கொடுத்த மஞ்சள் கம்பளித் தொப்பியை ஹவா குழந்தைக்குப் போட்டுவிட்டிருந்தாள். படகிலிருந்து இறங்கிய அன்றே கிர்ஸ்டன், உனக்குப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டு, பயணத்தில் தான் பின்னியது என்று அதை எடுத்துக் கொடுத்தாள். இந்த வேக்காட்டில் கம்பளியா என்று ஹவா விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துவிட்டு, இருமலுக்கு இதமாக இருக்கும் என்று மாட்டிவிட்டாள். எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கா பாரு என்றாள்.

இருமல் குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்பது ரஜாபுவுக்குத் தெரியும். அவனிடமிருந்துதான். ஸினாவின் குட்டிக்கும் அவனிடமிருந்துதான்.

கேம்ப்பில் தினமும் காலையில் மேனேஜர் சமையலறை வாசலில் நின்று, யாருக்காவது இருமலா சளியா என்று கேட்பார். மனிதனுக்கு வரும் சளி சிம்பன்ஸியைக் கொன்றுவிடும், அதனால் இருமல் உள்ளவன் மலை ஏறக்கூடாது. போன மாதம் ஒரு நாள் இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டு, இல்லை சார் என்று ரஜாபு சொன்னான். உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வாரம் படமெடுக்க வந்தவர்களை மோஷி கூட்டிப்போயிருப்பார், ஸினாவுக்குப் பக்கத்தில் மோஷி நின்று படத்தில் விழுந்திருப்பார். அதை அவனால் தாங்கியிருக்க முடியாது. இந்தக் கூட்டத்தைப் பழக்கியது அவன். இரண்டு வருஷம் மழையிலும் எறும்புக்கடியிலும் உட்கார்ந்தவன் அவன். படமெடுத்த அன்று ஸினாவின் குட்டி தவழ்ந்து வந்து அவன் ஷூ கயிற்றை இழுத்து விளையாடியது. எல்லாரும் மெய்மறந்து பார்த்தார்கள். அப்போதுதான் அவனுக்கு இருமல் வந்தது. முழங்கையில் முகத்தைப் புதைத்து இருமினான். அடுத்த வாரம் குட்டி செத்தது, அதோடு இன்னும் இரண்டு. இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். மறுநாள் காலையில் மறுபடி இஞ்சியை அடக்கிக்கொள்வான்.

அப்போது கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்தது.

டண். டண். டண்.

தகரம். பனை எண்ணெய்த் தகரத்தைக் கட்டையால் அடிக்கிற சத்தம். அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் எல்லாரும் சிம்பன்ஸிகளை விரட்ட அதைத்தான் செய்வார்கள். தகரச் சத்தம் கேட்டாலே அவை உயிரைப் பிடித்துக்கொண்டு ஓடும். ஆனால் இது கடைசித் தோட்டத்திலிருந்து வந்தது. அந்த ஒரு தோட்டத்தில் மட்டும் தகரம் தட்டக்கூடாது என்று ரஜாபு சட்டம் போட்டிருந்தான்.

"உன் வீட்டுக்காரி கச்சேரிய ஆரம்பிச்சுட்டா," என்றார் மோஷி.

ரஜாபுவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். மனிதனைக் கண்டால் ஓடாதே, நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்று இவன் இரண்டு வருஷமாய் அவற்றுக்குச் சொல்லிக்கொடுப்பான், இவன் பொண்டாட்டியே தகரத்தைத் தட்டி அத்தனையையும் கெடுப்பாளா. மாங்காய் போனால் போகட்டும், ரெண்டு மரவள்ளி போனால் போகட்டும், அதுங்க நம்ம ஆளுங்க, உன்ன ஒண்ணும் பண்ணாது என்று சொல்லியிருந்தான். ஹவாவும் கேட்டுக்கொண்டாள். அவள் தோட்டத்துத் தகரம் தண்ணீர் மொள்ளுவதோடு சரி. சிம்பன்ஸிகள் மாமரத்தில் ஏறி மாங்காய் பறிக்கும்போது அவள் அடியில் களை எடுத்துக்கொண்டிருப்பாள். இதை வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் அவன் பெருமையாகச் சொல்வான்.

டண். டண். டண். டண்.

நிற்கவில்லை. தாளம் இல்லை. விரட்டுகிறவள் நாலு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்துவாள். இது நிற்கவில்லை.

"அண்ணே, நீங்க ஓடையைக் குறுக்கால தாண்டிப் போனா சீக்கிரம் போயிடலாம். போய் அதை நிறுத்தச் சொல்லுங்க. கூட்டம் மிரண்டு ஓடிடும். இவங்க ஊருக்குப் போறதுக்குள்ள ஒரு தடவையாவது காட்டணும்."

மோஷி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நிறுத்தச் சொல்றதா?"

"பின்ன என்ன சொல்றது."

மோஷி வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, இறங்கிப் போனார். வாய் அதிகமானவர் ஒன்றும் சொல்லாமல் போனது ரஜாபுவுக்குப் பிடிக்கவில்லை. இடுப்பில் இருந்த வாக்கிடாக்கியைக் கையில் எடுத்தான். விருந்தாளிகளைக் காட்டுக்குள் தனியே விட்டுவிட்டு ஒரு வழிகாட்டி நகரக்கூடாது. அது கேம்ப்பின் முதல் விதி. அந்த விதியை அவனே புதுப் பையன்களுக்கு ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

"ரஜாபு பேசுறேன். கீழ தோட்டத்துப் பக்கம் என்ன சத்தம்?"

கரகரவென்று இரைச்சல். அப்புறம் மேனேஜரின் குரல், கொஞ்சம் அதிகமாகவே நிதானமாக.

"ஒண்ணுமில்ல ரஜாபு. ஊர்க்காரங்க ஏதோ சத்தம் போடுறாங்க. கூட்டத்தைக் கண்டுபிடிச்சியா?"

"இன்னும் இல்ல சார்."

"விருந்தாளிங்களுக்குக் காட்டிட்டு வா. மத்ததைக் கீழ வந்து பேசிக்கலாம்."

மத்தது என்றால் என்ன என்று அவன் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடும். கிர்ஸ்டனின் புருஷன் யோஹன் எல்லாம் சரிதானே என்பதுபோல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். ரஜாபுவும் கட்டைவிரலை உயர்த்தினான்.

கொஞ்ச நேரத்தில் தகரம் நின்றது. மோஷி சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டான். பிறகுதான் உறைத்தது. மோஷி இந்நேரம் ஓடையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டார்.

கூட்டத்தைப் பெரிய அத்திமரத்தில் கண்டான். கிளைகளெல்லாம் கருப்புக் கருப்பாக உருவங்கள். பழம் அடர்ந்து கிடந்தது, ஒன்றும் தின்னவில்லை. அத்தி பழுத்த மரத்தில் இந்தக் கூட்டம் இப்படி இருந்து அவன் பார்த்ததில்லை. ஊளை இல்லை, சண்டை இல்லை, குட்டிகளின் ஆட்டம்கூட இல்லை. பெரிய ஆண்களுக்குத் தோள் மயிர் சிலிர்த்து நின்றது. எல்லாம் ஒரே பக்கமாக, பக்கத்து மரத்தின் உயரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. பழம் ஒன்று தானாக உதிர்ந்து சருகில் விழுந்த சத்தம் கேட்டது.

"என்ன பாக்குதுங்க?" யோஹன் கிசுகிசுத்தான்.

அவன் காது வேறு ஒன்றைப் பிடித்திருந்தது.

மேலே. இலைக் கூட்டத்துக்குள். மூன்று சின்ன இருமல். அப்புறம் ஓர் இழுப்பு.

சிம்பன்ஸிக்கும் இருமல் வரும். கூட்டத்தில் இன்னும் நாலைந்து இருமிக்கொண்டுதான் இருக்கின்றன. குட்டிகள்கூட இருமுகின்றன. அப்படித்தான் அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். ஆனால் அவற்றின் இருமல் கட்டையாக, நெஞ்சிலிருந்து பிய்த்துக்கொண்டு வரும். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். இதுவும் அவனுக்கு நன்றாகத் தெரிந்த இருமல்தான்.

கிளை ஒன்று அசைந்தது. ஸினாவின் முதுகு தெரிந்தது. அவள் மடியில் எதையோ வைத்துக் குனிந்திருந்தாள். கருப்புக்கும் பச்சைக்கும் நடுவே ஒரு பொட்டு மஞ்சள்.

பழுத்த இலை. அத்தியில் பழுத்த இலை இருக்கும். அது அத்திமரம் இல்லை. இருந்தால் என்ன. எந்த மரத்திலும் பழுத்த இலை இருக்கும்.

"ஐயோ, குட்டி வெச்சிருக்கா," என்றாள் கிர்ஸ்டன் சந்தோஷமாக. நீளமான லென்ஸைத் தூக்கிக் கண்ணில் வைத்தாள். டிக் டிக் டிக் என்று கேமரா ஓடியது. "யோஹன், கையப் பாரேன், எவ்ளோ குட்டிக் கை. முடியே இல்ல. பொறந்து ரெண்டு நாள்தான் இருக்கும், இல்ல ரஜாபு? மேல ஏதோ துணி மாதிரி..."

டிக். டிக்.

கேமரா நின்றது.

கிர்ஸ்டன் அதைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அவள் முதுகு மட்டும் விறைத்தது. மெதுவாகக் கேமராவைக் கீழே இறக்கி, சின்னத் திரையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரையை உள்ளங்கையால் மூடினாள்.

"ரஜாபு," என்றாள். "அந்தத் தொப்பிய நீ யாருக்குக் குடுத்த?"

அவனுக்கு ஓட வேண்டும் போலிருந்தது, கத்த வேண்டும் போலிருந்தது, மரத்தைக் கட்டிக்கொண்டு ஏற வேண்டும் போலிருந்தது. எதையும் செய்யக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்த அளவு அந்தக் காட்டில் வேறு யாருக்கும் தெரியாது. கத்தினால் தாவுவாள். ஏறினால் இன்னும் உயரே போவாள். உயிருள்ள குட்டிக்குத் தாயின் மயிரைப் பிடித்துத் தொங்கத் தெரியும். ஸைதூனிக்குத் தெரியாது.

"உக்காருங்க," என்றான். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்தது அவனுக்கே பயமாக இருந்தது. "ரெண்டு பேரும் உக்காருங்க. மேல பாக்காதீங்க."

முகக்கவசத்தைக் கழற்றிப் போட்டான். அவள் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். மரத்தடியில் சருகில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பக்கத்துச் செடியில் ஓர் இலையைப் பறித்து வாயில் போட்டு மென்றான். கசந்தது. பிறகு உதட்டைச் சப்புக்கொட்டினான். சப், சப், சப். ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும்போது சிம்பன்ஸிகள் போடும் சத்தம் அது. இரண்டு வருஷமாய் அவற்றிடம் கற்றுக்கொண்டு அவற்றுக்கே திருப்பிச் சொன்ன சத்தம். பயப்படாதே, நான் ஒன்றும் செய்யமாட்டேன்.

சப், சப், சப்.

மேலே கிளை அசைந்தது. ஸினா எட்டிப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். கண்ணோடு கண் பார்க்கக்கூடாது. மடியில் இருப்பதைப் பார்க்கவே கூடாது. கையில் இருந்த இலையின் நரம்புகளைப் பார்த்தான். ஓர் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. மகள் தலைக்கு மேலே இருமுகிறாள், இவன் எறும்பைப் பார்த்துக்கொண்டு இலை தின்றான்.

அவள் இறங்கினாள். அவனை நம்பாமல் வேறு யாரை நம்புவாள். ஒரு கிளை. நின்றாள். இன்னொரு கிளை. அவள் வாசனை முதலில் வந்து சேர்ந்தது, வேர்வையும் பழச்சாறும். அதற்குள்ளே, நூல் போல, தேங்காயெண்ணெய் வாசனை. ஹவா குழந்தைக்குத் தேய்க்கிற எண்ணெய்.

தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் தடித்த கிளை. அதில் உட்கார்ந்தாள். கண்ணோரத்தில் ஒரு பாதம் தெரிந்தது. சின்னப் பாதம், உள்ளங்கால் வெளுப்பு, கணுக்காலில் ஹவா கட்டிய கருப்புக் கயிறு. பாதம் அசைந்தது. விரல்கள் விரிந்து மடங்கின.

உயிரோடு இருக்கிறாள். உயிரோடுதான் இருக்கிறாள்.

ரஜாபு கையை நீட்டினான். உள்ளங்கை மேலாக, கெஞ்சுகிற மாதிரி, சிம்பன்ஸிகள் ஒன்றிடம் ஒன்று தீனி கேட்கிற மாதிரி. கையை அசைக்கவில்லை. சப், சப். ஸினா அவன் கையைப் பார்த்தாள். ஒரு விரலை நீட்டி அவன் உள்ளங்கையைத் தொட்டாள். அவள் விரல் சூடாக, தடிப்பாக இருந்தது. இன்னும் கொஞ்சம் குனிந்தாள். மடியைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஸைதூனியின் கால் அவன் விரல் நுனிக்கு அரைச் சாண் மேலே இருந்தது. எழுந்தால் எட்டிவிடும். எழக்கூடாது. இன்னும் கொஞ்சம் குனி, அம்மா. இன்னும் கொஞ்சம்.

டண்.

பக்கத்தில். மிகப் பக்கத்தில்.

டண் டண் டண் டண். ஒன்றில்லை, பத்துத் தகரம். ஓடைப் பக்கத்துச் சரிவெல்லாம் தகரம். ஆட்கள் கத்திக்கொண்டு புதரை வெட்டிக்கொண்டு ஏறி வந்தார்கள். முன்னால் ஹவா. தலைத்துணி அவிழ்ந்து, முழங்கால் வரை சேறு, கையில் அந்தத் தண்ணீர்த் தகரம். அவள் அதைக் கட்டையால் அடிக்கவில்லை, கைமுட்டியால் அடித்துக்கொண்டு வந்தாள். தகரம் சிவப்பாக இருந்தது.

அத்திமரத்துக் கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டது. ஸினாவின் பல் தெரிந்தது. பயத்தில் காட்டுகிற பல். ரஜாபு எழும்பிப் பாய்ந்தான். விரலில் கருப்புக் கயிறு தட்டியது.

அவ்வளவுதான்.

ஸினா மேலே போனாள். குழந்தையின் ஒரு கையைப் பிடித்து, முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு, செத்த குட்டியைத் தூக்கிக்கொண்டு போன அதே மாதிரி போனாள். கிளைக்குக் கிளை. மஞ்சள் தொப்பி கழன்று, இலைகளில் தட்டித் தட்டி இறங்கி, கிர்ஸ்டனின் காலடியில் விழுந்தது. கிர்ஸ்டன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹவா இன்னும் அடித்துக்கொண்டிருந்தாள். ரஜாபு ஓடிப்போய் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"தட்டாத. தட்டாத ஹவா. நிறுத்து."

அவள் நிறுத்தினாள். அவனை அடையாளம் தெரியாதவள்போலப் பார்த்தாள்.

"இத்தனை நாளா தட்டலையே," என்றாள்.

அவள் கத்தியிருந்தால், திட்டியிருந்தால், முகத்தில் துப்பியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் தகரத்தை மெதுவாகக் கீழே வைத்தாள்.

பின்னால் வந்த மோஷி கையைத் தூக்க, ஒவ்வொரு தகரமாக நின்றது. "பக்கத்துலதான் களை எடுத்துட்டு இருந்திருக்கா," என்றார் தாழ்ந்த குரலில். "ஸினா மரத்துலேர்ந்து இறங்கிக் குழந்தைகிட்ட வந்ததைப் பாத்திருக்கா. ஒண்ணும் பண்ணாதுன்னு நீ சொன்னதை நம்பிப் பேசாம இருந்திருக்கா. தூக்கினப்புறம் பின்னாலயே ஓடித் தேடிட்டு வந்துதான் தகரத்தைத் தட்டி ஊரைக் கூட்டி..."

"போதும் அண்ணே."

எல்லாரும் அண்ணாந்து நின்றார்கள். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. உச்சியில், மனிதன் ஏற முடியாத மெல்லிய கிளைகளில், படபடவென்று ஒடிகிற சத்தம். ராத்திரிக்குக் கூடு கட்டுகிறாள். கிளையை வளைத்து, மிதித்து, மேலே இலை பரப்பி, தட்டிச் சமமாக்கி. நிதானமாகச் செய்தாள். பிறகு படுத்தாள். கூட்டின் விளிம்பில் ஒரு சின்னக் கை.

மூன்று இருமல். ஓர் இழுப்பு.

"உசுரோட இருக்கா," என்றாள் ஹவா. அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "கேட்டியா. உசுரோட இருக்கா."

அவன் தலையாட்டினான். இலைகளில் காற்று வந்து போனது.

இரண்டு இருமல். இழுப்பு நீளமாக.

காத்திருந்தார்கள்.

ஒன்று.

அடுத்ததற்காகக் காத்திருந்தார்கள். மோஷி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அத்திமரத்திலிருந்து ஒவ்வொன்றாய் உருவங்கள் சத்தமில்லாமல் நழுவிப் போயின. கூட்டின் விளிம்பிலிருந்த கை அப்படியே இருந்தது. விரல் அசைவதுபோலத் தெரிந்தது. இலை அது.

மேலேயிருந்து மெதுவாக ஒரு சத்தம் கேட்டது. சப், சப், சப். பயப்படாதே, நான் ஒன்றும் செய்யமாட்டேன். ரஜாபு சொன்னது போலவே, அதே தாளத்தில், வெகுநேரம்.

அதுவும் நின்றது.

கடைசி வெளிச்சத்தில் ஒரு கருப்புக் கை நீண்டு, பக்கத்துக் கிளையிலிருந்து ஓர் இலைக்கொத்தை ஒடித்தது. ஸினா எழுந்து உட்கார்ந்து, அதை மடிமேல் இப்படியும் அப்படியும் வீசி, ஈ ஓட்டத் தொடங்கினாள்.